வழுக்காத சப்பாத்து

டிசம்பர் 4, வெள்ளி

பிழை சப்பாத்தில்தான். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியதும் முதல் வேலையாக அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இடது காலின் அடி, குதிப் பக்கம் வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. ரப்பரில் வெட்டியிருந்த கோடுகள் ஒன்றும் மிச்சமில்லை. மனைவி மூன்று குளிர்காலம் போட்ட சப்பாத்து. புதுசு வாங்குவோம் என்று போன மாதம்தான் சொன்னேன். "இந்த வருசம் ஓடட்டும்" என்றாள்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் நிரப்பியதையே இங்கும் எழுதி வைக்கிறேன். பெயர்: யோகமலர் தில்லைநாதன். வயது: 59. வேலை: முதியோர் இல்லம், காலை முறை. விழுந்த நேரம்: டிசம்பர் 2, புதன், காலை ஐந்து நாற்பது. இடம்: சொந்த வீட்டு வாசல், மேல் படி. காரணம்: தேய்ந்த சப்பாத்து.

இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. சத்திர சிகிச்சை செய்து இரும்பு வைத்திருக்கிறார்கள். டாக்டர் சின்னப் பெடியன், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. நன்றாகப் போனது என்று சிரிக்கிறான். அவனுக்கென்ன.

அவள் விழுவதற்கு முதல் நாள் செவ்வாய்க்கிழமைதான் குணரத்தினத்தின் இறுதிக் கிரியை. எண்பத்தேழில் நோர்வேயின் இந்த வடக்கு மூலைக்கு, இதே மீன் தொழிற்சாலைக்கு, என்னோடு ஒன்றாக வந்து இறங்கியவன். ஒரே கிழமையில் இரண்டு அடி.

டிசம்பர் 6

மைனஸ் 9. பாணும் பருப்பும். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. இந்த வடக்கில் குளிர்காலத்தில் சூரியன் எழும்புவதே இல்லை, அது போய் இரண்டு கிழமை ஆகிறது. இனி ஜனவரி மூன்றாம் கிழமைதான்.

டிசம்பர் 8, செவ்வாய்

பஸ்ஸில் மூன்று மணி நேரம் போய் அவளைப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து இருந்தாள். தலைமயிரை யாரோ நோர்வேக்காரத் தாதி பின்னிவிட்டிருந்தாள், கோணலாக.

"என்ர பிழைதான்" என்றாள். "நீங்கள் அப்பவே சொன்னனீங்கள். நான்தான் கேக்கேல்லை."

"அதை விடும் இப்ப."

"இல்லை, சப்பாத்து மட்டுமில்லை. நான் அவசரப்பட்டனான். கால் வைக்கத் தெரியாமல் வைச்சிட்டன். முப்பது வருசம் இஞ்சை இருந்தும் ஐஸில நடக்கத் தெரியாத விசரி."

தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் தொலைபேசி. நாகபூசணி, குணரத்தினத்தின் மனைவி. புருசன் போய் இரண்டு கிழமை ஆகவில்லை, அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். பிறகு அழுதாள். "எங்கட செத்தவீட்டுக்கு வந்து போன அடுத்த நாளே இப்பிடி நடந்திட்டுதே அண்ணை. எங்கட துடக்குத்தான் உங்கட வீட்டையும் பிடிச்சிட்டுதோ?"

துடக்கு, தீட்டு ஒன்றுமில்லை, சப்பாத்து தேய்ந்திருந்தது என்றேன்.

சாண்ட் பேப்பர் வாங்கி வந்திருக்கிறேன். கடையில் இருந்ததிலேயே கரடானது. நாளைக்கு அடியில் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 11, வெள்ளி

எதையும் அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் குளிரறையின் வெப்பநிலையை மணிக்கு மணி எழுதிய கை இது.

பழைய மீன்பெட்டிப் பலகை ஒன்றைக் கொட்டிலுக்கு வெளியே வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மைனஸ் பன்னிரண்டு. மேல் தோல் பிடிக்கக் கொஞ்ச நேரம், முழுக்க இறுக ஒரு மணித்தியாலம். இறுகிய பிறகு மரத்தின் ரேகை அப்படியே தெரிகிறது. ஐஸ் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. லைட் போட்டாலும் தெரியாது. இதை இங்கே எழுத வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

முறை இதுதான். சப்பாத்துக்குள் ஒரு கிலோ அரிசிப் பையைத் திணித்துப் பலகையில் வைப்பது. பலகையின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்குவது. எந்த உயரத்தில் சப்பாத்து சறுக்குகிறது என்று பார்ப்பது.

யோகமலரின் பழைய சப்பாத்து: நாலு விரல் உயரத்திலேயே ஓடிவிட்டது. சாண்ட் பேப்பர் ஒட்டிய பிறகு: ஒரு சாண். சப்பாத்துக்கு மேலே கம்பளிக் காலுறையை இழுத்துப் போட்டது: ஒரு சாணும் மூன்று விரலும். இது பக்கத்து வீட்டு ஓட்வார் சொன்ன வழி. கிழவன் பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். இல்லை, பிடிக்கிறது. ஆனால் ஒரு பெண் வேலைக்குக் காலுறையை வெளியே போட்டுக்கொண்டு போவாளா?

ஒப்பிடுவதற்காக என்னுடைய சப்பாத்தையும் வைத்தேன். ஒக்டோபரில் வாங்கியது, அடிக் கோடுகள் எல்லாம் புத்தம் புதுசு. ஐந்து விரலில் ஓடிவிட்டது.

பலகை ஒழுங்காக நிற்கவில்லைப் போலிருக்கிறது.

டிசம்பர் 14, திங்கள்

அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். அம்புலன்ஸ்காரர் இரண்டு பேர் கதிரையோடு தூக்கி நாலு படியும் ஏற்றினார்கள். மேல் படிக்கு வந்ததும் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வழுக்காமல் இருக்க நான் காலையிலிருந்து மூன்று தரம் சல்லி மண் போட்டிருந்தேன். வாசல் ரோட்டு வேலை நடக்கிற இடம் போல இருந்தது.

சாண்ட் பேப்பர் ஈரத்தில் ஊறிக் கழன்றுவிட்டது. மூன்று நாள்கூட நிற்கவில்லை.

டிசம்பர் 18, வெள்ளி

ஆணி வேலை வெற்றி. எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடும்.

தலை தடித்த, ஆறு மூலை உள்ள, குட்டையான ஸ்குரூ ஆணி. ஒன்பது மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம், உள்ளே வந்து காலைக் குத்தும். குதிக்கு ஆறு, முன் பாதத்துக்குப் பத்து. நடுவில் வளைவுள்ள இடத்தில் போட்டுப் பிரயோசனமில்லை, அந்த இடம் நிலத்தில் படுவதில்லை. முதலில் சுடுகத்தியால் அடி ரப்பரை அம்மி பொளிவது போலக் குழி குழியாகப் பொளிந்துவிட்டு, பிறகு ஆணியைத் திருக வேண்டும். தலை வெளியே நிற்க வேண்டும், அதுதான் ஐஸைக் கடிக்கும்.

பலகையில் வைத்துத் தூக்கினேன். இரண்டு சாண் உயரத்திலும் அசையவில்லை. அரிசிப் பைதான் வெளியே விழுந்தது.

உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க நகரசபையில் இருந்து மாரித் என்று ஒரு பெண் வருகிறாள், செவ்வாயும் வெள்ளியும். நெடுவல், கதைக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு கதைப்பாள். வீட்டுக்குள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு யோகமலர் நன்றாக நடக்கிறாள் என்றாள். வருடப் பிறப்புக்கு முன் வெளியே நாலு அடி நடக்க வைக்க வேண்டுமாம்.

ஆணி அடித்த சப்பாத்தைப் போட்டுவிட்டோம். கதவைத் திறந்தோம். யோகமலர் படியைப் பார்த்தாள். "ஏலாது" என்று தமிழில் சொன்னாள், மாரித்துக்கு விளங்காது என்பதே நினைவில்லாமல். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 20, ஞாயிறு

இந்த ஊரில் மிஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பதினொன்று. யோகமலரைப் பார்க்க வருகிறவர்கள் என் ஆணி வேலையையும் பார்த்துவிட்டு, அடுத்த தரம் வரும்போது பையில் சப்பாத்தோடு வருகிறார்கள். இன்று மட்டும் ஐந்து சோடி. ஊரில் படித்த படிப்புக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை, அறுபத்து மூன்று வயதில் இப்படி ஒரு தொழில் கிடைத்திருக்கிறது.

குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றபோது முன்னறையில் அவள் குரல் கேட்டது. ஒவ்வொருவருக்கும் அதே கதை. "அவர் ஒவ்வொரு நாளும் படிக்கு மண் போடுற மனிசன். படியில ஒரு பிழையுமில்லை. நான்தான் பாக்காமல் கால் வைச்சிட்டன்."

சீனி போட்ட கோப்பைக்குள் மறுபடியும் சீனி போட்டுவிட்டேன்.

டிசம்பர் 24, வியாழன்

மகள் சிந்துஜா பேர்கனில் இருந்து விடுமுறைக்கு வந்தாள். வந்தவுடன் தாயைக் கட்டிப்பிடித்து அழுது, பிறகு வீட்டைக் கூட்டி, பிறகு என்னை விசாரிக்கத் தொடங்கினாள். எஞ்சினியர் வேலை பார்க்கிற பிள்ளைக்கு எல்லாம் கணக்காக வேண்டும்.

"அப்பா, நீங்கள் ஒவ்வொரு நாளும் மண் போடுறனீங்கள் எல்லோ. அண்டைக்கும் போட்டனீங்களோ?"

"முதல் நாள் மத்தியானம் போட்டனான்." கிரியைக்குப் போக முன்னம் போட்டது உண்மை.

"அப்ப மண்ணுக்கு மேல எப்பிடி ஐஸ் வந்தது?"

"கூரையால ஒழுகியிருக்கும்."

அவள் வெளியே போய் அண்ணாந்து பார்த்தாள். திரும்பி வந்து காலணியைக் கழற்றும்போது சாதாரணமாகத்தான் கேட்டாள். "அண்டைக்கு மைனஸ் பன்னிரண்டு எல்லோ, கூரை ஒழுகுமோ அப்பா?"

நான் கொட்டிலுக்குப் போய் ஆணி தேடினேன்.

டிசம்பர் 27, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதாவிட்டால் இந்தக் கொப்பி எதற்கு?

டிசம்பர் முதலாம் தேதி பின்னேரம் நாலு மணிக்குக் கிரியையால் வந்தேன். செத்த வீட்டால் வந்தால் கால் கழுவாமல் உள்ளே போவதில்லை, நாங்கள் எங்கே போனாலும் அது எங்களோடு வந்திருக்கிறது. குளிர்காலத்தில் அதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழி உண்டு. யோகமலர்தான் கண்டுபிடித்தாள். வாசலில் ஒரு பழைய துவாயை விரித்து, அதன் மேல் நடந்து நேரே குளியலறைக்குப் போய்க் கழுவுவது. அன்றும் துவாய் விரித்திருந்தாள். குளியலறையில் வாளி நிறையச் சுடுதண்ணி, மஞ்சள் தூள் போட்டு. தானும் வர வேண்டிய கிரியைதான், அன்று காலை முறை வேலைக்கு லீவு கிடைக்கவில்லை. வேலையால் வந்த அலுப்பில் படுத்திருந்தாள்.

துவாயில் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. குணரத்தினத்தைப் பெட்டியில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். என் வயது. என்னோடு ஒரே அறையில் நாலு வருடம் படுத்தவன். அவன் முகத்தில் பூசியிருந்த பவுடர் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எனக்குப் பயம், அதுதான் உண்மை. அந்தச் சாவு ஒரு அடிகூட இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று நினைத்தேன். பின்கதவை ஒட்டித்தான் குளியலறை என்பதால் சுற்றிக்கொண்டு போய், உள்ளே கால் வைக்காமல் கையை நீட்டி வாளியை எடுத்து வந்து, மேல் படியில் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு நின்று, முழங்காலில் இருந்து ஊற்றினேன். முழு வாளியும். போட்டிருந்த மண்ணை எல்லாம் அது அடித்துக்கொண்டு போனது. குளிரில் கால் நெருப்பாக எரிந்தது. உள்ளே ஓடிவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. படுக்கப் போகும்போது நினைவு வந்தது, படியில் தண்ணி ஊற்றினேன், மண் போட வேண்டும் என்று. எழும்பப் பஞ்சியாக, அலுப்பாக இருந்தது. அவள் போக முன்னம் ஐந்து மணிக்கு எழும்பிப் போடலாம் என்று அலாரம் வைத்தேன். அலாரம் அடித்தது. நிறுத்தினேன். அவள் குசினிக்குள் நடமாடுகிற சத்தம் கேட்டது. இன்னும் ஐந்து நிமிடம் என்று கண்ணை மூடினேன்.

பிறகு வெளியே அவள் கத்தின சத்தம்.

டிசம்பர் 29

சிந்துஜா போய்விட்டாள். போகும்போது தாயைத் தன்னோடு வரச் சொன்னாள். அங்கே மழைதான், ஐஸ் குறைவு. யோகமலர் மாட்டேன் என்றுவிட்டாள். "அப்பா தனிய என்ன செய்வார் பிள்ளை?"

ஜனவரி 5, செவ்வாய்

மாரித் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"எலும்பு பொருந்திவிட்டது, தில்லை. தசையும் பரவாயில்லை. அவளுக்குத் தன் காலில் நம்பிக்கை இல்லை. ஏன் விழுந்தாய் என்று கேட்டேன். எனக்கு நடக்கத் தெரியாது என்கிறாள். ஐம்பத்தொன்பது வருடம் நடந்த பெண் சொல்கிற கதையா இது?"

"பயம் போகும்" என்றேன்.

"தானாகப் போகாது. இந்தக் குளிர்காலம் முழுக்க உள்ளே இருந்தால், வசந்தத்தில் அவள் இந்தச் சட்டத்தையும் விட்டுச் சக்கர நாற்காலிக்குப் போவாள். நான் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அவளை அன்று விழுத்தியது என்ன? உனக்குத் தெரிந்தால், உட்கார்ந்து அவளோடு பேசு."

விழுத்தியது என்ன என்று கேட்டாள். என் முகத்தை நேரே பார்த்துக் கேட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, எல்லோரிடமும் கேட்பதுதான். நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து கோப்பை கழுவினேன்.

பின்னேரம் யோகமலர் ஒரு கடித உறை தந்தாள். முதியோர் இல்லத்துக்கு. வேலையை விடுகிறாள். இருபத்திரண்டு வருடம் அங்கே அவள் குளிப்பாட்டாத கிழவி இந்த ஊரில் இல்லை. "நடக்கத் தெரியாதவள் என்னெண்டு மற்றவையைப் பிடிச்சு நடத்துறது?" என்றாள்.

தபால் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். பிறகு போட்டுவிட்டு வந்தேன்.

ஜனவரி 9, சனி

என் ஆயுளில் செய்த ஆகச் சிறந்த வேலையை இன்று முடித்தேன். புதுச் சப்பாத்து, அவளுடைய அளவு. ஓட்வாரின் பழைய கார் டயரில் இருந்து பனி ஆணிகளைப் பிடுங்கிக் குதியில் பதித்திருக்கிறேன். முன் பாதத்துக்கு இழுவை வலைக் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு, அடியில் குறுக்கே கட்டி, கணுக்காலில் பூட்டுகிற மாதிரி. கல் நிலத்தில் ஆணி சறுக்கும், கயிறு சறுக்காது. ஐஸில் இரண்டும் பிடிக்கும். பலகையைப் பாதிக்கு மேல் நிமிர்த்திப் பிடித்தேன், அசையாமல் நின்றது.

மடியில் வைத்துக் காட்டினேன். தடவிப் பார்த்தாள். முடிச்சு ஒவ்வொன்றாக விரலால் எண்ணுவது போலத் தொட்டாள்.

"வடிவாச் செய்திருக்கிறியள்" என்றாள். "ஆனால் எந்தச் சப்பாத்தைப் போட்டாலும் உள்ளுக்க இருக்கிறது என்ர கால்தானே."

ஜனவரி 12

மைனஸ் 19. ஒன்றும் இல்லை.

ஜனவரி 16, சனி

இன்று சொல்லிவிடுவது என்றுதான் எழும்பினேன். காலைச் சாப்பாட்டுக்குச் சொல்லுவோம் என்று இருந்தேன். பிறகு மத்தியானம் என்று வைத்தேன். மத்தியானம் நாகபூசணி வந்தாள். ஒரு மாதத் துடக்கு முடிந்த பிறகும் தயங்கித் தயங்கித்தான் வருகிறாள், வாசலிலேயே நின்றுவிட்டு, கூப்பிட்டால்தான் உள்ளே வருகிறாள். தன் வீட்டுச் சாவுதான் எங்கள் வீட்டில் இடறியது என்ற எண்ணம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

யோகமலர் அவளுக்கு என் சப்பாத்தைக் காட்டினாள். "பாருங்கோ, இரவு பகலா இருந்து செய்தவர். இப்பிடி ஒரு மனிசன் ஆருக்குக் கிடைக்கும்? என்ர கவலையீனத்துக்கு இவர் கிடந்து மாயிறார்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இடத்திலேயே செத்துப் போனால் நல்லது என்று இருந்தது. நாகபூசணி என்னைப் பார்த்துக் கண் கலங்கினாள், தன் புருசனை நினைத்திருப்பாள். நான் வடைத் தட்டை நீட்டினேன்.

சொல்லவில்லை.

ஜனவரி 21, வியாழன்

சூரியன் வந்தது. பதினொன்றரைக்கு மலைக்கு மேலே ஒரு துண்டு, கொஞ்ச நேரத்துக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் தெருவில் நின்று கத்தினார்கள். ஓட்வார் தன் மனைவியைக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனான். ஊரில் உள்ளே இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். யோகமலர் கதிரையை யன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துவிடச் சொன்னாள்.

வெளிச்சம் எதிர் வீட்டுச் சுவரில் மட்டும் பட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "இஞ்சருங்கோ, அந்தச் சப்பாத்தை வேற ஆருக்கும் குடுங்கோ. வீணாக் கிடக்குது. இனி எனக்குத் தேவைப்படாது."

அழவில்லை. உப்பு முடிந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"படியில தண்ணி ஊத்தினது நான்" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. முதலில் இருந்து சொன்னேன். துவாய், வாளி, பவுடர் பூசிய முகம், அலாரம் எல்லாவற்றையும். அலாரத்தை விட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. விடவில்லை. சொல்லி முடிக்கும்போது எதிர்ச் சுவரில் வெயில் போய்விட்டது.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "அப்ப நான் சரியாத்தான் கால் வைச்சனானோ?"

"ஓம்."

"சப்பாத்து?"

"எந்தச் சப்பாத்து எண்டாலும் வழுக்கியிருக்கும். நான் அளந்து பாத்தனான்."

"எப்ப அளந்தனீங்கள்?"

"டிசம்பர் பதினோராம் தேதி."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

ஜனவரி 22

பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறாள்.

ஜனவரி 24

நடைச்சட்டம் முன்னறையில் நிற்கிறது. அவள் குசினிக்குள் நிற்கிறாள். இடையில் எதையும் பிடிக்காமல் நடந்து போயிருக்கிறாள். நான் பார்த்ததைக் கண்டும் காணாதது போலப் பருப்புக் கழுவினாள்.

ஜனவரி 26, செவ்வாய்

மாரித் நகரசபை முதியவர்களுக்குச் சும்மா கொடுக்கிற முள்ளு ரப்பர் ஒரு சோடி கொண்டுவந்தாள். சாதாரணச் சப்பாத்துக்கு மேல் மாட்டுவது. கடைச் சாமான், பெரிய வேலைப்பாடு ஒன்றும் இல்லை. யோகமலர் கையை நீட்டி அதை வாங்கினாள். அவரை உள்ளேயே நிற்கச் சொல் என்று மாரித்திடம் நோர்வே மொழியில் சொன்னாள், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

யன்னலால் பார்த்தேன். மேல் படியில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு இறங்கினாள். நாலு படி. வாசலில் இருந்து தபால் பெட்டி வரைக்கும் போய் வந்தாள். மாரித் கையை நீட்டிக்கொண்டே பின்னால் போனாள், அவள் பிடிக்கவில்லை.

மாரித் துள்ளிக் குதிக்காத குறை. "என்ன சொன்னாய் அவளுக்கு?" என்று என் தோளில் தட்டினாள். அதிசயமாம்.

எனக்கும் சந்தோசம்தான். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

ஜனவரி 30, சனி

இன்று என்னோடு பேசினாள். ஒன்பது நாளுக்குப் பிறகு. வெளியே நடந்துவிட்டு வந்து, முள்ளு ரப்பரைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு, எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"தண்ணி ஊத்தினது பிழை எண்டு நான் சொல்லேல்லை. அப்பிடி ஒரு சாவைப் பாத்திட்டு வந்தால் நானும் ஊத்தியிருப்பன். நித்திரை கொண்டதும் பிழையில்லை. மனிசருக்கு அலுப்புத்தானே."

நான் தலை நிமிரவில்லை.

"ஏழு கிழமையா நான் என்ர காலைத் திட்டிக்கொண்டு இருந்தனான். வாறவை போறவை எல்லாருக்கும் சொன்னனான், எனக்கு நடக்கத் தெரியாது எண்டு. நீங்கள் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கொண்டு நிண்டனீங்கள். வேலையை விடுற கடிதத்தைத் தந்தன். கொண்டுபோய்ப் போட்டிட்டு வந்தனீங்கள். அதைத்தான் என்னால யோசிக்க ஏலாமல் கிடக்குது."

"சொல்லப் பயமா இருந்தது, மலர்."

"எனக்கும்தான் பயமா இருந்தது, கதவைத் திறக்க."

சிந்துஜா அடுத்த சனி வருகிறாள். யோகமலர்தான் கூப்பிட்டிருக்கிறாள். இனி மகளோடு ஐஸில்லாத ஊரில் இருக்கப் போகிறாளாம். ஐஸிலும் நடக்கக் கூடியவளாகிவிட்ட பிறகு.

பெப்ரவரி 6, சனி

காலை ஐந்து மணிக்கு எழும்பிப் படிக்கு மண் போட்டேன். அலாரம் தேவைப்படவில்லை.

இரண்டு பெட்டி. முப்பது வருடத்துக்கு இரண்டு பெட்டி. நான் செய்த சப்பாத்து அலமாரிக்குள் இருக்கிறது, அவள் அதைத் தொடவில்லை. சிந்துஜா என்னோடு அதிகம் கதைக்கவில்லை. கூரையைப் பற்றியும் கேட்கவில்லை, அதனால் அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று விளங்கியது.

"எப்ப வருவீர்?" என்று வாசலில் வைத்துக் கேட்டேன்.

"தெரியாது."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு சொன்னாள், "ஏன் போயிட்டாள் எண்டு ஆரும் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ. மகளைப் பாக்கப் போயிட்டாள், இடுப்பு நோ எண்டு கதை ஒண்டும் கட்டவேண்டாம். நாகபூசணிக்கு முதல் சொல்லுங்கோ. அந்த மனிசி தன்ர வீட்டுத் துடக்கால வந்தது எண்டு உருகிக்கொண்டு இருக்குது."

சிந்துஜா கையைக் கொடுத்தாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தானே இறங்கினாள். கார் கீழே ரோட்டில் நின்றது. இரவு உருகி உறைந்த ரோட்டு, கண்ணாடி போல. ஒவ்வொரு அடியாக எண்ணினேன். முப்பத்தொன்று. ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

பெப்ரவரி 8, திங்கள்

நாகபூசணி பத்து மணிக்கு வந்தாள். போன மாதம் ஆணி அடிக்கத் தந்த சப்பாத்தை எடுத்துப் போக. முடித்துத்தான் வைத்திருந்தேன். பழக்கப்பட்டபடி வாசலிலேயே நின்றாள்.

"அக்கா எங்கை அண்ணை? சத்தத்தைக் காணேல்லை."

மகளைப் பார்க்கப் போய்விட்டாள் என்று நாக்கில் வந்தது. அவளை உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தரம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அவளுடைய புருசனின் முகத்துக்குப் பயந்தேன் என்பதையும் அவளிடமே சொல்ல வேண்டியிருந்தது.

நான் முடிக்கும்வரை அவள் மடியில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அப்ப எங்கட துடக்கில்லை" என்றாள்.

"இல்லை."

"டிசம்பரில உங்களுக்கு ரெலிபோன் எடுத்து அழுதனான். அண்டைக்கே தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

தேத்தண்ணி வேண்டாம் என்றாள். சப்பாத்தைப் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டு எழும்பினாள். கதவைத் திறந்துவிட்டேன். படியில் இன்று காலையும் மண் போட்டிருந்தேன், கறுப்பாகத் தெரிந்தது. அவள் காலில் நான் அடித்த ஆணிகள் இருந்தன. இருந்தும் மேல் படியில் நின்று குனிந்து பார்த்தாள், நுனிக்காலால் தட்டிப் பார்த்தாள், பிறகு கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.